பிழையற அளந்த அன்னா மணி

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மலையேறும் சாலை, வண்டிப்பெரியாற்றைக் கடந்து பீருமேட்டை அடைகிறது. சாலையின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இம்மலைகளில் கொழுந்து கிள்ளியும் ஏலக்காய் பறித்தும் வாழ்ந்து வருகின்றன. கிள்ளிய கொழுந்து தராசில் நிறுக்கப்படும். அந்த நிறையே ஏட்டில் பதியப்படும். தராசு சற்றே பிழைத்தாலும் ஒரு நாள் உழைப்பின் பயன் குறைந்துவிடும். ஆதலால், அளவை பிழையாதிருத்தல் ஓர் அறம் என்பதை அம்மலைவாழ் மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

அந்தப் பீருமேட்டில் பிறந்த பெண்மணி ஒருவர், பிற்காலத்தில் கதிரவனின் ஒளியையும் காற்றின் விரைவையும் வானின் உயரத்திலுள்ள ஓசோன் வளியையும் பிழையின்றி அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்து காட்டினார். அவர்தாம் அன்னா மணி.

பிறப்பும் இளமையும்

அன்னா மணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தார். இன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ள பீருமேடு, அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தையார் கட்டடப் பொறியாளர். ஏலத் தோட்டங்களுக்கும் உரிமையாளர். அக்குடும்பத்தில் பிறந்த எட்டுக் குழந்தைகளுள் அன்னா ஏழாமவர்.

எவர் கூறினும் எதனையும் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளலாகாது, தானே சோதித்துத் தெளிந்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பது தந்தையாரின் கொள்கை. இக்கொள்கை சிறுமியின் மனத்தில் ஆழ வேரூன்றியது. ஆயினும் அக்காலச் செல்வர் குடும்பங்களின் வழக்கம் வேறாக இருந்தது. ஆண் மக்கள் உயர்பதவிக்கென வளர்க்கப்பட்டனர். பெண் மக்களோ நல்ல இடத்தில் மணமுடித்துச் செல்வதற்கென வளர்க்கப்பட்டனர். அன்னா அவ்வழியில் செல்லவில்லை. புத்தகங்களே அவருக்குத் தோழியராயின. எட்டு வயதிற்குள் ஊர் நூலகத்திலிருந்த மலையாள நூல்களுள் பெரும்பாலானவற்றை அவர் படித்து முடித்துவிட்டார். பன்னிரண்டு வயதிற்குள் ஆங்கில நூல்களையும் அவ்வாறே படித்துத் தீர்த்தார்.

அக்குடும்பத்தில் பெண் குழந்தைகளின் எட்டாம் பிறந்தநாளில் வைரத்தோடு பரிசளிப்பது மரபு. அன்னாவுக்கும் அவ்வாறே வைரத்தோடு வாங்க ஏற்பாடாயிற்று. அவர் அதனை வேண்டாமென மறுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தமக்கு வாங்கித் தருமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டார். காதில் அணிய மறுத்த வைரத்தையே பின்னாளில் அவர் ஆய்வுக்கூடத்தில் இரவுபகலாக ஆராயப் போகிறார் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

கதர் அணிந்த சிறுமி

1924ஆம் ஆண்டு வைக்கத்தில் போராட்டம் ஒன்று தொடங்கியது. அங்குள்ள கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்றிருந்த கொடிய தடையை எதிர்த்து மக்கள் திரண்டனர். தமிழகத்திலிருந்து தந்தை பெரியார் சென்று அப்போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை புகுந்தார். 1925ஆம் ஆண்டு காந்தியடிகள் வைக்கத்திற்கு வருகை தந்தார்.

இந்நிகழ்ச்சிகள் சிறுமி அன்னாவின் உள்ளத்தைத் தொட்டன. அவர் கதராடை அணியத் தொடங்கினார்; அவ்வழக்கத்தை வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை. நமக்கு வேண்டிய பொருளை நாமே செய்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் அவருள் முளைவிட்டது அக்காலத்தில்தான். நூலும் துணியும் பற்றிய அவ்வெண்ணம், பின்னர் அறிவியல் கருவிகளைப் பற்றியதாக வளர்ந்தது.

வைரங்களின் ஒளி

அன்னா மணி சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1939ஆம் ஆண்டு இயற்பியல், வேதியியல் பாடங்களில் சிறப்புப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்ய உதவித்தொகை கிடைத்தது. அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக விளங்கியவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்து 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் ஆவார்.

இராமன் அப்பொழுது வைரங்களின் இயல்பை ஆராய்வதில் பெரிதும் ஈடுபட்டிருந்தார். அன்னா மணிக்கு வைரத்தின் ஒளிர்வை ஆராயும் பணி அளிக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளை அவர் பதிவு செய்தார். வைரத்தைக் கடுங்குளிரில் வைத்து, அது உமிழும் மெல்லொளியை ஒளிப்படத் தகட்டில் விழச் செய்ய வேண்டும். அவ்வொளி மிக மங்கியதாதலால் ஒரு தகட்டில் பதிவு தெளிவாகப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் வரை ஆகும். அத்தனை நேரமும் கருவி அசையாமலும் வெப்பநிலை மாறாமலும் காத்தல் வேண்டும். ஆகவே, அவர் பல இரவுகளை ஆய்வுக்கூடத்திலேயே உறங்கிக் கழித்தார்.

அந்நாளில் ஆய்வுக்கூடங்களில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆண் ஆய்வாளர்களோடு கலந்து பேசி ஐயம் தெளியும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. இத்தகைய சூழலில் தனித்துப் பணியாற்றிய அன்னா மணி, 1942ஆம் ஆண்டிற்கும் 1945ஆம் ஆண்டிற்கும் இடையே வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தம் பெயரில் தனியே வெளியிட்டார்.

மறுக்கப்பட்ட பட்டம்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அன்னா மணி தம் ஆய்வேட்டை முனைவர் பட்டத்திற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். ஆய்வின் தரத்தில் குறையேதும் சொல்லப்படவில்லை. ஆயினும், அவர் முதுகலைப் பட்டம் பெறவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. சிறப்புப் பட்டத்தில் பெற்ற உயர்வும், ஆய்வுக்கென அளிக்கப்பட்ட உதவித்தொகையும், வெளிவந்த ஐந்து கட்டுரைகளும் கருதப்படவில்லை.

ஐந்தாண்டு உழைப்பின் பயன் இவ்வாறு கைநழுவியது. வேறொருவராயின் மனமுடைந்து ஆய்வையே கைவிட்டிருக்கக் கூடும். அன்னா மணியோ அதனைத் தம் வாழ்வின் பேரிழப்பாகக் கருதவில்லை. பட்டம் இல்லாமையால் தாம் அறிந்தது அறியாததாகிவிடாது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் உள்ளது.

கடல் கடந்த கல்வி

அதே ஆண்டில் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற அரசின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற காலம் அது. படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலிலே அவர் பயணம் செய்தார். இயற்பியல் ஆய்வைத் தொடர வேண்டும் என்பதே அவரது விருப்பம். ஆனால், வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்கே அங்கே இடமிருந்தது.

எதிர்பாராமல் அமைந்த அப்பாடத்தை அவர் முழுமனத்துடன் ஏற்றார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்து, வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றுவேகமானி முதலிய கருவிகளின் அமைப்பையும், அவற்றைச் செய்யும் முறையையும், அவை காட்டும் எண் சரியானதா என்று சோதிக்கும் முறையையும் நுணுகிக் கற்றார். 1948ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பியபோது இந்தியா விடுதலை பெற்ற நாடாக இருந்தது.

புனே பணிமனை

திரும்பி வந்த அன்னா மணி, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத்தில் பணியேற்றார். அங்கே கருவிப் பிரிவின் தலைவராக எஸ். பி. வெங்கடேசுவரன் இருந்தார். அக்காலத்தில் எளிய வெப்பமானி முதற்கொண்டு பல கருவிகள் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. ஒரு கருவி பழுதடைந்தால் மாற்றுக் கருவி கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மழை காத்திருப்பதில்லை, புயலும் காத்திருப்பதில்லை. அந்நாள்களின் அளவீடுகள் பதிவாகாமலே போயின.

இந்நிலையை மாற்ற இருவரும் உறுதி பூண்டனர். கடைசல் எந்திரங்களும் திறன்மிக்க தொழிலாளர்களும் கொண்ட பணிமனை வலுப்பெற்றது. 1953ஆம் ஆண்டில் அன்னா மணி அப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். அவர் ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்குத் தரப்படுத்திய வரைபடங்களை உருவாக்கச் செய்து, அவற்றை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் பணியைத் தொடங்கினார். எந்தப் பணிமனையில் செய்தாலும், ஒரே வரைபடத்தைப் பின்பற்றினால் ஒரே தரமுள்ள கருவி கிடைக்கும் என்பது அவர் கண்ட வழி.

செய்த கருவியை உடனே அனுப்பிவிட அவர் இசையவில்லை. ஒவ்வொன்றையும் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட செம்மையான கருவியோடு ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவு என்று குறித்த பின்னரே வெளியே விடச் செய்தார். இவ்வாறு ஒப்பிட்டுச் செம்மை செய்வதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர். தவறான அளவீட்டைப் பெறுவதைக் காட்டிலும் அளவீடே இல்லாதிருப்பது மேல் என்பது அவரது உறுதியான கருத்து. அளவீடு இல்லையெனில், தமக்குத் தெரியாது என்பதையாவது மக்கள் அறிந்திருப்பர்; தவறான அளவீடோ, தெரியாததைத் தெரிந்ததாக நம்பச் செய்துவிடும்.

கதிரவனை அளத்தல்

1957ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் 1958ஆம் ஆண்டு இறுதிவரை பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடப்பட்டது. உலக நாடுகளின் அறிவியலறிஞர்கள் ஒருங்கே கூடிப் புவியையும் வளிமண்டலத்தையும் அளக்க முனைந்தனர். அக்காலத்தில், இந்தியாவில் விழும் கதிரவன் ஒளியை அளப்பதற்கான நிலையங்களின் வலையமைப்பை அன்னா மணி நிறுவினார். தொடக்கத்தில் வெளிநாட்டுக் கருவிகள் பயன்பட்டன. பின்னர், அவரது மேற்பார்வையில் இந்தியக் கருவிகளே உருவாயின.

கதிரவனின் ஒளியை அளப்பது எங்ஙனம்? கருமை பூசிய ஒரு தகட்டின்மீது வெயில் விழுந்தால் அது சூடேறும். அச்சூட்டினால் தகட்டோடு இணைந்த உலோகக் கம்பிகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். மழையும் காற்றும் தாக்காதவாறு கண்ணாடிக் கவிகை ஒன்று அதனை மூடியிருக்கும். மின்னழுத்தம் மிகுந்தால் ஒளி மிகுதி. குறைந்தால் ஒளி குறைவு. ஆனால், இவ்வளவு மின்னழுத்தத்திற்கு இவ்வளவு ஒளியாற்றல் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமே! பூசிய கருமை நாளடைவில் மங்கும். கண்ணாடியில் தூசு படியும். அப்பொழுது கருவி பொய் சொல்லத் தொடங்கும்.

இதற்குச் சுவீடன் நாட்டு அறிஞர் நட் ஆங்சுட்ரோம் அமைத்த கருவி விடை தந்தது. அதில் கருமை பூசிய இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள் இருக்கும். ஒரு பட்டை வெயிலில் நிற்கும். மற்றது நிழலில் நிற்கும். நிழலில் உள்ள பட்டையில் மின்சாரம் செலுத்தி, இரண்டும் ஒரே அளவு சூடாகும்வரை அதனைக் கூட்டுவர். இரண்டின் வெப்பநிலையும் சமமாகும்போது, செலுத்திய மின்னாற்றலும் விழுகின்ற கதிரவன் ஆற்றலும் சமமாகும். மின்னாற்றலைத் துல்லியமாக அளக்கலாம். ஆதலால் கதிரவன் ஆற்றலும் தெரிந்துவிடும். தராசின் ஒரு தட்டில் பொருளும் மறு தட்டில் எடைக்கல்லும் வைப்பது போன்றதே இது.

அளவுகோலுக்கும் அளவுகோல்

கடைக்காரரின் எடைக்கல்லை அரசு அலுவலர் சோதித்து முத்திரையிடுவார். அலுவலரின் எடைக்கல், அதனினும் செம்மையான வேறொன்றோடு ஒப்பிடப்படும். கதிரவன் ஒளியை அளக்கும் கருவிகளுக்கும் இவ்வகைச் சங்கிலி உண்டு. நாட்டின் பல நிலையங்களில் உள்ள கருவிகள் புனேயில் உள்ள செந்தரக் கருவியோடு ஒப்பிடப்படுகின்றன. அச்செந்தரக் கருவி, சுவிட்சர்லாந்தின் தாவோசு நகரில் பல நாட்டுக் கருவிகளோடு ஒப்பிடப்படுகிறது. சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் கடைசியில் கிடைக்கும் எண் நம்பத்தக்கதன்று.

இந்நெறி வானிலைக்கு மட்டும் உரியதன்று. புற்றுநோயை ஆற்றும் கதிர்வீச்சு எந்திரத்திற்கும் இதுவே அடிப்படை. அவ்வெந்திரம் கண்ணுக்குத் தெரியாத கதிர்க்கற்றையை உடலினுள் செலுத்துகிறது. கதிர் குறைந்தால் நோய் எஞ்சிவிடும். மிகுந்தால் நலமுள்ள உறுப்புகள் தீய்ந்துபோகும். மனித உடலில் பெரும்பகுதி நீராதலால், மருத்துவ இயற்பியலர் நீர் நிரப்பிய தொட்டியை எந்திரத்தின்கீழ் வைத்து அளக்கின்றனர். கதிரின் தோற்றுவாயிலிருந்து கருவியின் தொலைவை மாற்றாமல், அதன்மேல் நிற்கும் நீரின் ஆழத்தை மட்டும் மாற்றி, 20 சென்டிமீட்டர் ஆழத்திலும் 10 சென்டிமீட்டர் ஆழத்திலும் கதிரின் அளவைக் காண்கின்றனர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் எண், அக்கற்றையின் ஊடுருவும் திறனைக் காட்டும். இதுவே கதிர்க்கற்றையின் தரம் எனப்படுகிறது.

அந்த எண் ஏன் தேவைப்படுகிறது? அளக்கும் கருவி முதலில் செந்தர ஆய்வகத்தில், கோபால்ட் உமிழும் கதிரைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்யப்படுகிறது. இந்தியாவில் அப்பணியை மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்து வருகிறது. மருத்துவமனை எந்திரத்தின் கதிரோ வேறு தரமுடையது. ஒரே கருவி இருவகைக் கதிர்களுக்கும் ஒரே வகையில் விடையளிப்பதில்லை. ஆகவே, கற்றையின் தரத்தை அறிந்து, அதற்குரிய திருத்த எண்ணால் பெருக்கிய பின்னரே உண்மையான அளவு கிடைக்கும். கதிரவன் ஒளிக்கு அன்னா மணி கடைப்பிடித்த நெறியும் நோயாளியைக் காக்கும் இந்நெறியும் ஒன்றே: கருவியை நம்புமுன் அதனைச் சோதித்தல் வேண்டும்.

வானின் குடையும் தும்பா கடற்கரையும்

புவிக்கு மேலே, வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கில் ஓசோன் என்னும் வளி உள்ளது. கதிரவனிலிருந்து வரும் தீங்கான புற ஊதாக் கதிர்களைத் தடுத்து, அது உயிர்களுக்குக் குடைபோல் உதவுகிறது. அங்கே சென்று ஓசோனை அளப்பதற்கு பலூனில் கட்டி அனுப்பும் கருவி தேவை. அக்கருவி காற்றை உறிஞ்சி ஒரு வேதிக் கரைசலினுள் செலுத்தும். காற்றில் ஓசோன் இருந்தால் கரைசலில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதன் அளவு வானொலி அலையாகக் கீழே வந்து சேரும். இத்தகைய ஓசோன் கருவியை 1960களில் அன்னா மணியும் அவர்தம் குழுவினரும் இந்தியாவிலேயே உருவாக்கினர். உலகில் மிகச் சில நாடுகளே அந்நாளில் இதனைச் செய்ய வல்லனவாக இருந்தன. பன்னாட்டு ஓசோன் ஆணையத்திலும் அவர் உறுப்பினராக இடம்பெற்றார்.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், 1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது. ஏவூர்தியைச் செலுத்துமுன் காற்றின் திசையையும் விரைவையும் அறிதல் இன்றியமையாதது. விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி, தும்பாவில் வானிலை நிலையத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அன்னா மணி அமைத்துக் கொடுத்தார்.

காற்றுக்கு ஒரு கணக்கு

1976ஆம் ஆண்டு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து அன்னா மணி ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவில்தான். இராமன் ஆய்வு நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வருகைதரு பேராசிரியராக விளங்கினார். பல்லாண்டுகளாகத் திரட்டிய கதிரவன் ஒளி அளவீடுகளைத் தொகுத்து, 1980ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் இரண்டு பெருநூல்களாக வெளியிட்டார். இந்தியாவின் எப்பகுதியில் எத்திங்களில் எவ்வளவு வெயில் கிடைக்கும் என்று அறிய விரும்பிய பொறியாளர்களுக்கு அவை கைவிளக்காயின.

அடுத்து அவர் கவனம் காற்றின்பால் சென்றது. காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதற்கு, எந்த இடத்தில் எவ்வளவு விரைவாகக் காற்று வீசுகிறது என்று அறிய வேண்டும். இங்கேயும் சிறு பிழை பெரிதாகிவிடும். காற்றின் விரைவு இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். விரைவை அளப்பதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட்டிச் சொன்னால், ஆற்றல் நூற்றுக்கு முப்பத்து மூன்று பங்கு கூடியதாகத் தோன்றும். அக்கணக்கை நம்பிப் பெரும்பொருள் செலவிட்டுக் காற்றாலை நாட்டியவர் ஏமாற நேரிடும். ஆகவே, நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் சோதித்த கருவிகளைக் கொண்டு காற்றை அளக்கும் பணியை அன்னா மணி முன்னின்று நடத்தினார். காற்றையும் கதிரவன் ஒளியையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றையும் பெங்களூரில் நிறுவினார்.

அவ்வளவீடுகளின் பயனை எல்லைப்புற ஊர்களில் இன்றும் கண்ணாரக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் வாயில்போல் அமைந்த பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து நுழைகிறது. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலும், எல்லைக்கு இப்பால் உடுமலை, பல்லடம் பகுதிகளிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. இடுக்கியின் விளிம்பில், கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் உள்ளன. காற்றுக்கு மாநில எல்லை இல்லை. அதனை அளக்கும் அலகும் இருபுறத்தார்க்கும் பொதுவானதே.

நிறைவு

அன்னா மணி திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவதிலும் பறவைகளைக் காண்பதிலும் இசை கேட்பதிலும் நூல் படிப்பதிலும் அவர் பெரிதும் மகிழ்ந்தார். 1987ஆம் ஆண்டு இந்தியத் தேசிய அறிவியல் கழகம் கே. ஆர். இராமநாதன் பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. 1994ஆம் ஆண்டு பக்கவாதம் தாக்கியதால் அவர் நடமாட்டம் குறைந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் இயற்கை எய்தினார்.

முனைவர் பட்டம் அவருக்கு இறுதிவரை கிடைக்கவில்லை. ஆனால், அவர் செம்மை செய்த கருவிகளின் வழியே வந்த எண்களை உழவரும் மீனவரும் பொறியாளரும் நம்பிப் பயன்படுத்தினர். ஒருவர் கூறிய அளவைக் கேட்போர் ஐயமின்றி ஏற்பது எளிதில் கிட்டும் பெருமையன்று. பீருமேட்டு மலையில் பிறந்த அன்னா மணி அப்பெருமையைத் தம் உழைப்பால் ஈட்டினார்.

அருஞ்சொற்பொருள்

பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு
நிறை – எடை
கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
நிறமாலை – ஒளி பிரிந்து தோன்றும் வண்ண வரிசை
கவிகை – குடைபோல் கவிந்த மூடி
செந்தரம் – ஒப்பிடுவதற்கு அடிப்படையாகக் கொள்ளும் தரம்
அளவுத்திருத்தம் – கருவி காட்டும் அளவைச் செந்தரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்
கற்றை – கதிர்களின் தொகுதி
கைவிளக்கு – இங்கு, வழிகாட்டி என்னும் பொருளில் வந்தது

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அன்னா மணி தம் எட்டாம் பிறந்தநாளில் எதனை மறுத்தார்? எதனைக் கேட்டுப் பெற்றார்?
2. அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணம் யாது?
3. கதிர்க்கற்றையின் தரம் என்பது யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. தவறான அளவீட்டைக் காட்டிலும் அளவீடு இல்லாதிருப்பது மேல் என்று அன்னா மணி கருதியது ஏன்?
2. இரண்டு உலோகப் பட்டைகளைக் கொண்டு கதிரவனின் ஆற்றலை அளக்கும் முறையைத் தராசோடு ஒப்பிட்டு விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
கதராடை, அளவுகோலுக்கும், கண்ணாடிக்கவிகை, எடைக்கல்

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ அருகிலுள்ள கடையிலோ பயன்படும் அளவுக்கருவிகள் ஐந்தின் பெயர்களைத் தமிழில் எழுதுக. அவை ஒவ்வொன்றும் சரியாக அளக்கிறதா என்று சோதிப்பதற்கு ஒரு வழியைப் பெற்றோருடன் கலந்து பேசிக் குறிப்பேட்டில் எழுதி வருக.